குத்திய மண்ணைத் தொட்டுக் கும்பிட்டவளுக்கு

புள்ள,

இன்றைக்குக் காலையில் உன் ஈட்டிப் பையை வெயிலில் போட எடுத்தேன். மழை பெய்து வீட்டுக்குள் எல்லாம் நமுத்துப் போயிருந்தது. பையின் வாய்க்கயிற்றை அவிழ்த்ததும் உன் கை வாசம் வந்தது. நீ தோளுக்குத் தேய்க்கிற தைலம், வேர்வை, நம் காட்டுச் செம்மண், மூன்றும் கலந்த வாசம். ஈட்டியின் நடுவில் பிடிப்பதற்காகச் சுற்றியிருக்கிற கயிற்றில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பையைத் திருப்பிப் போட்டேன். பழைய வேட்டியில் நீ தைத்த பை. அதன் மேல் சிவப்பு நூலில் எழுத்துப் போட்டிருந்தாய். என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதே உன்னைக் கேட்டேன். "அடையாளத்துக்குத்தானுங்க" என்றாய். நானும் விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. அதில் சேர்ந்து எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"கூர் முனை. தள்ளி நிற்கவும்."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது புள்ள. எத்தனை வருஷம் அந்தப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நடந்திருப்பேன்! கூட்டம் தானாக விலகும். என் மீசையைப் பார்த்துத்தான் விலகுகிறார்கள் என்று உன்னிடம் பெருமையடித்தேன். நீயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமாங்க, மீசைக்குத்தானுங்க" என்று சொன்னாய்.

எழுத்துப் படித்த பிறகு நான் படித்த உன் முதல் எழுத்து இது. பதில் போடாமல் இருக்க முடியுமா? மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதிவிட்டு ஆட்டுக்குத் தழை போடுகிறேன், வந்து அடுத்த வரி எழுதுகிறேன்.

உன் கைக்கு ஈட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? உனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கடலை பிடுங்கி முடிந்த காட்டில் ஆடுகளை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் வேலமரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தோம். காட்டை ஒட்டிப் பள்ளிக்கூட மைதானம். சர்ரென்று ஏதோ பறந்து வந்து, மேய்ந்துகொண்டிருந்த கிடாய்க்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு நின்று ஆடியது. ஆடுகள் சிதறி ஓடின. நீ சோற்றுக் கையோடு எழுந்தாய்.

மைதானத்தில் கவிதா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆத்தூர்ப் பக்கமிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு தனியாக ஈட்டி எறிந்து பழகிக்கொண்டிருந்தாள்.

"ஏ அம்மணி! கண்ணை எங்க வெச்சிருக்கற? ஆட்டு மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? மனுசன் மேல பட்டிருந்தா?"

"மன்னிச்சிருங்கம்மா, அங்க ஆள் இருக்கறத நான் பாக்கல. இருங்க, நானே வந்து எடுத்துக்கறேன்."

"நீ ஒண்ணும் இங்க வர வேண்டாம். உன்ற கம்பை நீயே புடிச்சுக்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ அதைப் பிடுங்கித் திருப்பி எறிந்துவிட்டாய். "எறியாதீங்கம்மா, எறியாதீங்க!" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண் பக்கவாட்டில் ஓடினாள். ஈட்டி வேலியைத் தாண்டி, அவள் நின்றிருந்த இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. அவள் அது விழுந்த இடத்தைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். மறுபடியும் விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

அப்புறம் நேராக நம்மை நோக்கி நடந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அம்மா, ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றாள். "ஈட்டிய எப்பவும் திருப்பி எறியக் கூடாது. நடந்து போய் எடுத்து, முனை தரையப் பாத்த மாதிரி நிமித்திப் புடிச்சு, நடந்தே கொண்டு வரணும். ஓடக்கூட கூடாது. நான் செஞ்சதும் பெரிய தப்புதான். ஆள் இருக்காங்களான்னு பாக்காம எறிஞ்சது."

"செரி அம்மணி. நானும் கோவத்துல பண்ணிப்போட்டேன். ரெண்டாவது என்ன?"

"இவ்வளவு தூரம் எறிய எங்க கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்க என்ன இருக்குது? தலையாடு ஓடுச்சுன்னா கோலைத் தூக்கிப் போடுவம். அதுக்கு முன்னால போய் உளுந்தாத்தான திரும்பும்? பின்னால உளுந்தா இன்னும் வேகமாத்தான் ஓடும்."

கவிதா டீச்சர் கட்டாந்தரை என்றும் பாராமல் நம் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயசானவர்களுக்கென்றே ஓட்டப் பந்தயமும் எறிகிற பந்தயமும் நடக்கின்றன என்று அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். "போறதுனா போ புள்ள, ஆட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

நீ எறிந்ததெல்லாம் கோல் எறிகிற எறி. கையைப் பக்கவாட்டில் வீசிச் சுழற்றி விடுவாய். அது செல்லாது என்றாள் டீச்சர். ஈட்டி தோளுக்கு மேலே போகவேண்டும். உள்ளங்கை வானத்தைப் பார்க்கவேண்டும். முழங்கை காதை உரசுகிற மாதிரி முன்னால் வரவேண்டும். நாற்பது வருஷமாக ஒரு விதமாக வீசிய கையை வேறு விதமாக வீசச் சொன்னால் கேட்குமா? வீட்டில் குழம்பு கிளறும்போதுகூட முழங்கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாய். குழம்பு என் மேல் தெறித்திருக்கிறது.

ஓட்டமும் அப்படித்தான். முதலில் நேராக ஓடி, அப்புறம் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலைக் குறுக்காகப் போட்டுப் போட்டு, கடைசியில் இடது காலை ஊன்றி நிறுத்தவேண்டும். அந்தக் கால் மடங்கினால் வேகமெல்லாம் தரைக்குள் போய்விடும். ஒரு நாள் சாயங்காலம் அது உனக்குப் பிடிபட்டது. ஓடி வந்தாய், கால் நின்றது, உடம்பு வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தது, ஈட்டி துளிக்கூட நடுங்காமல் போயிற்று. நீ திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாய்.

"ஏனுங்க! கை எறியறதில்லீங்க! இடுப்புதானுங்க எறியுது! கை சும்மா கூடப் போகுதுங்க!"

அந்தக் காட்டில் அன்றைக்கு உன் முகம் இருந்ததைப் போல நம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. கல்யாணத்தன்று நீ அழுதுகொண்டிருந்தாய்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தீர்கள். ஈட்டி விழுகிற பக்கம் ஓரமாக, தள்ளி நிற்பது. ஆடு, மாடு, சைக்கிள், பள்ளிப் பிள்ளை என்று எது குறுக்கே வந்தாலும் சிவப்புத் துண்டைத் தூக்கவேண்டும். துண்டு கீழே இறங்குகிறவரை நீ எறிய மாட்டாய். பின்முனையைப் பற்றியும் டீச்சர் சொல்வாள்: "எல்லாரும் முன்முனைக்குத்தாங்க பயப்படுவாங்க. குத்தி நிக்கற ஈட்டிகிட்ட ஓடி வந்து பின்முனை கண்ணுல பட்டவங்கதான் அதிகம்." அதிலிருந்து நீ ஈட்டியைப் பிடுங்குவதற்கு முன்னால் கட்டாயம் பின்னால் திரும்பிப் பார்ப்பாய். காட்டில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாதபோதும் பார்ப்பாய்.

பிடுங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்வாய். குனிந்து, ஈட்டி குத்திய இடத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். ஒவ்வொரு எறிக்கும் அப்படித்தான். கடப்பாரை போட்டாலும் களைக்கொத்து போட்டாலும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்குவது நம் வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் கும்பிடுகிறவளை நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "களை கொத்துனா அதுல ஒரு வெள்ளாம வரும். இது சும்மா நம்ம ஆசைக்குக் குத்தறதுங்க. கேக்காம குத்தலாமுங்களா?" என்றாய். டீச்சருக்கும் அது பிடித்திருந்தது. அதனால் என்ன வரப்போகிறது என்று அப்போது மூன்று பேருக்குமே தெரியாது.

சொந்த ஈட்டி வேண்டும் என்று நீ ஒரு கிடாயை விற்றாய். மேச்சேரிக் கிடாய், சிவப்பு நிறம், பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கிடாய். அந்தச் சமயம் பார்த்து, போர்க் கிணறு தோண்டுகிற ரிக் லாரி வேலையிலிருந்து நம் பையன் செல்வராசு ஊருக்கு வந்தான். வடக்கே ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் போர் போட்டுவிட்டு மாசக்கணக்கில் கழித்து வருகிறவன். வந்ததும் ஊரார் சொன்னதைத்தான் முதலில் கேட்டிருக்கிறான்.

"கிடாயை வித்துக் கம்பு வாங்கியிருக்கறயாமா? திருச்செங்கோட்டுல என்ற மாமனாரு கேக்கறாரு, உங்கம்மா வேல் எடுத்துக்கிட்டுக் காட்டுல ஓடுதாமேன்னு. ரிக்குல பசங்க என்னைய 'வேட்டைக்காரன் மகன்'ங்கறானுங்க."

"வேட்டைக்காரி மகன்னு சொல்லச் சொல்லு சாமி. சொல்றத செரியாச் சொல்லட்டும்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "ஊரே சிரிக்குதுமா. இந்த வயசுல உளுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது? நான் நாலு ஸ்டேட்டு தள்ளி இருக்கறேன்" என்றான். அவன் சொன்னதில் பாதி வெட்கம், பாதி பயம். அது உனக்கும் புரிந்தது. அதனால்தான் நீ சண்டை போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாய்.

"இங்க பாரு சாமி. அடுத்த மாசம் சேலத்துல போட்டி. அதுல மொத ரெண்டு பேரு ஸ்டேட்டுக்குப் போவாங்க. அந்த ரெண்டுல நான் இருந்தா, உசுரு இருக்கற வரைக்கும் எறிவேன், நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இல்லீன்னா ஈட்டிய டீச்சர் கையில குடுத்துட்டு வந்து உன்ற புள்ளைகளப் பாத்துக்கறேன். செரியா?"

"செரி" என்றான்.

நீ சொன்னால் சொன்னதுதான். காப்பி குடிப்பதில்லை என்று ஒரு நாள் சொன்னவள், அதற்கப்புறம் தொட்டதே இல்லை. சேலத்தில் தோற்றால் மறுநாள் காலையில் அந்த ஈட்டி நம் வீட்டில் இருக்காது. காட்டில் பார்த்த அந்த முகமும் இருக்காது.

சேலத்துக்குப் போன பஸ்ஸில் கண்டக்டர் உன்னை ஏற்ற மாட்டேன் என்றது நினைவிருக்கும்.

"ஏம்மா, கடப்பாரையெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாது."

"கடப்பாரை இல்லீங்க, ஈட்டி."

"அதுக்குக் கடப்பாரையே தேவலாமே!"

முனைக்கு நீ சைக்கிள் ட்யூப்பை வெட்டி மாட்டியிருந்த உறையைக் காட்டினாய். கடைசி ஸீட்டுக்குக் கீழே நீளவாக்கில் படுக்கப் போட்டு, இரண்டு முனைக்கும் ஆளுக்கு ஒரு காலை வைத்துக் காவல் காத்தோம். இறங்கும்போது அந்தக் கண்டக்டர்தான் சொன்னார், "ஜெயிச்சா இதே வண்டியில வாங்க, ஸீட்டு போட்டு வெக்கறேன்."

மைதானத்தில் உன் சேலையைக் கழற்றி வைத்துவிட்டு டீச்சர் வாங்கித் தந்த டிராக் பேண்ட் போட்டாய். மேலே மட்டும் பனியன் வேண்டாம் என்று என் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாய். காட்டு வேலைக்குச் சேலை மேல் போடுகிற அதே சட்டை. முதுகில் நம்பர் குத்தினார்கள். அத்தனை பெரிய மைதானத்தில் என் சட்டைக்கு நம்பர் குத்தியிருக்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன்னோடு எறிய வந்தவர்களில் அயோத்தியாப்பட்டணத்துப் போலீசக்காதான் பேர் போனவள். ரிட்டயரான ஏட்டம்மா. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காலில் ஆணி வைத்த ஷூ.

"எந்த ஊருங்க நீங்க?"

"எருமப்பட்டிப் பக்கமுங்க."

"எத்தன வருசமா எறியறீங்க?"

"ஆட்டு மேலயா, கிரவுண்டுலயா?"

போலீசக்கா கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நிமிஷத்திலிருந்து கடைசி வரை உனக்குச் சிநேகிதி.

ஆளுக்கு மூன்று எறி. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். செல்வராசுவும் வந்திருந்தான், ரிக்கு சர்வீஸுக்கு நின்றதால். எனக்கு இரண்டு படி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ போல உட்கார்ந்திருந்தான்.

முதல் எறி. ஓடி வந்தாய், குறுக்கடி போட்டாய், இடது கால் நட்ட கல் மாதிரி நின்றது. ஈட்டி போயிற்று புள்ள! மற்ற எல்லாருடைய குறியையும் தாண்டிக் குத்தி நின்றது. படிக்கட்டே கை தட்டியது. செல்வராசு எழுந்து நின்றுவிட்டான்.

நீ குனிந்தாய். காட்டில் என்றால் நடந்து போய் ஈட்டி குத்திய இடத்தைத் தொட்டிருப்பாய். இங்கே ஈட்டியைப் போட்டி நடத்துகிறவர்களே எடுத்து வருகிறார்கள், எறிந்தவர் அந்தப் பக்கம் போகக் கூடாது. உன் கை சும்மா இருக்குமா? போக முடியாத இடத்துக்குப் பதிலாக எதிரே இருந்த மண்ணைத் தொட்டாய். வளைந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்து மண்ணை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது சிவப்புக் கொடி தூக்கியிருந்தார்கள்.

உனக்குப் புரியவில்லை. கொடி பிடித்திருந்த பையனிடம் கேட்டாய். அங்கே பேசியது படிக்கட்டு வரை கேட்டது.

"என்னுங்க சாமி, காலு கோட்டத் தாண்டலீயே?"

"கால் தாண்டலைங்கம்மா. கை அந்தப் பக்கம் பட்டிருச்சு. எறிஞ்ச பிறகு உடம்புல எதுவும் கோட்டு மேலயோ, தாண்டியோ தரையில படக் கூடாதுங்க. பின்பக்கமாத்தான் வெளிய வரணும்."

"மண்ணத் தொட்டுக் கும்பிட்டது தப்புங்களா?"

"கும்பிட்டது தப்பில்லைங்கம்மா. தொட்ட இடம்தான் தப்பு."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். சட்டம் சட்டம்தானே. அந்த விதியை நீயே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். டீச்சர் கொடுத்த தாளைச் சாயங்காலம் நீ சத்தமாகப் படிப்பாய், நான் தழை வெட்டிக்கொண்டே கேட்பேன். விதி மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஓரமாக நின்ற கவிதா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது எறியில் நீ நீயாகவே இல்லை. குனியக் கூடாது, குனியக் கூடாது என்ற நினைப்பிலேயே ஓடி வந்தது எனக்குப் படிக்கட்டிலிருந்தே தெரிந்தது. இடுப்பு வரவில்லை, கை மட்டும் எறிந்தது. ஈட்டி படுத்தவாக்கில் விழுந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. முனை முதலில் தரையில் படவில்லை. அதுவும் சிவப்பு.

செல்வராசு என் பக்கம் வந்து உட்கார்ந்தான். அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஜெயிக்கவேண்டும் என்று ஆடியதா, முடியட்டும் என்று ஆடியதா, அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது எறிக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பையனிடம் போனாய்.

"சாமி, எறியறதுக்கு முன்னால, இந்தக் கடைசியில, ஓடற பாதைக்குள்ளயே மண்ணத் தொட்டுக்கலாமுங்களா?"

"தாராளமா தொடுங்கம்மா. குடுத்த நேரத்துக்குள்ள எறிஞ்சிருங்க, அது போதும்."

"அப்பச் செரி. குத்தறதுக்கு முன்னாலயே கேட்டுக்கறேன்."

பின்னால் நின்ற போலீசக்கா, "எனக்கும் சேத்துக் கேட்டுருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் உன் தோள் இளகியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓட்டம் தொடங்குகிற இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டாய். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தொட்டாய். கண்ணில் ஒற்றிக்கொண்டாய். கையைச் சட்டையில் துடைத்து, கயிற்றைப் பிடித்தாய். ஓடினாய்.

இடுப்பு வந்தது புள்ள. நான் பார்த்தேன். இடுப்பு வந்தது, அப்புறம் தோள் வந்தது, அப்புறம்தான் கை வந்தது. ஈட்டி உன் காதுக்கு மேலே கிளம்பி நடுங்காமல் போயிற்று. நீ கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே நின்றுவிட்டாய். ஈட்டி பறக்கும்போதே உன் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாய். ஏமாற்றிக் கீழே போய்விடும் என்று கைகளைக் கட்டிப்போட்டுக்கொண்டாய். அது குத்தி நின்றதைப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலேயே அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்து, பாதையைவிட்டு வெளியே வந்தாய். அதற்கப்புறம்தான் கையை விட்டாய்.

வெள்ளைக் கொடி.

செல்வராசு படிக்கட்டில் எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த மனுஷன் யாரோ, பாவம், வேறு போட்டி பார்க்க வந்தவர்.

"அது எங்கம்மாங்க! அந்த முழுக்கைச் சட்டை! எங்கம்மாங்க அது!"

போலீசக்காவுக்கு அடுத்தபடியாக நீ வந்தாய். இரண்டு பேருக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். மெடலைக் கழுத்தில் போட்டபோது நீ என்னைத் தேடினாய். கண்ணீர் கண்ணை மறைத்ததால் கையை மட்டும் ஆட்டினேன். செல்வராசு உன்னிடம் போய் நின்றான். ஏதாவது பெரிதாகச் சொல்லுவான் என்று நான் நினைத்தேன்.

"ஸ்டேட்டுக்கு எப்பமா போகோணும்?" என்றான். "பஸ்ஸுல வேண்டாம். நான் காரு புடிக்கறேன்."

"காருக்குள்ள ஈட்டி பத்தாது சாமி."

"மேல கட்டிக்கலாம்மா."

அதற்கப்புறம் நீ எறிந்த போட்டிகளை எல்லாம் எழுத எனக்குக் கை வலிக்கும். ஸ்டேட்டில் மெடல் வரவில்லை. தெற்கத்திப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டிப் போட்டாள். நீ போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, "முழங்கை எங்க இருக்குதுன்னு பாத்தீங்களா? அழகுங்க" என்றாய். மறு வருஷம் போனாய், அதற்கு மறு வருஷமும் போனாய். உசுரு இருக்கற வரைக்கும் எறிவேன் என்று பையனிடம் சொன்னாயே, அப்படியே செய்தாய். போன வருஷம் ஆடியில் காய்ச்சலென்று படுத்தாய். அதற்கு முந்தின வாரம்கூட எறிந்தாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன் தோளைத் தொட்டுப் பார்த்து, இந்த வயசில் இப்படி ஒரு தோளா என்று கேட்டாள். பேசக்கூடத் தெம்பில்லாத நீ முழங்கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினாய். காதுக்கு மேலே.

கவிதா டீச்சரிடம் இப்போது ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் ஈட்டி எறிகிறார்கள். எறிந்துவிட்டு, எல்லாரும் எறிந்து முடிகிறவரை காத்திருந்து, டீச்சர் விசில் ஊதியபிறகு ஒன்றாக நடந்து போய் எடுக்கிறார்கள். சில பேர் குத்திய மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். போட்டி என்றால் பாதைக்குள்ளேயே முதலில் தொட்டுக்கொள்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஈட்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு சங்கதி சொல்லவேண்டும். ஊரில் என்னை ஆட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், என் அப்பனையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சேலத்திலிருந்து நீ மெடலோடு வந்த பிறகு அது மாறியது. முதலில் டீக்கடையில் கேலிக்குத்தான் தொடங்கினார்கள். "ஈட்டிக்காரம்மா ஊட்டுக்காரருக்கு ஒரு டீ போடு, சக்கர கொறச்சு." இப்போது கேலி போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனாலும் அதுதான், நாமக்கல் சந்தையில் ஆடு வாங்க வருகிறவர்கள் கேட்டு வருவதும் அதுதான். என் சொந்தப் பேர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எழுத்து வகுப்பில் முதல் நாள், சொல்லித் தருகிற பெண், "தாத்தா, மொதல்ல உங்க பேர எழுதிப் பழகலாங்களா?" என்று கேட்டது. எந்தப் பேரை எழுதித் தரவேண்டும் என்று நான் சொன்னேன். அது சிலேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு நீளமா இருக்குங்களே தாத்தா, உங்க பேரு நாலே எழுத்துதானுங்க, சுலபமா வந்துரும்" என்றது.

"நீளமா இருந்தா இருக்கட்டும் கண்ணு" என்றேன். "நான் சம்பாதிச்ச பேரா அது? எனக்குக் கெடச்சது. அதைத்தான் மொதல்ல எழுதுவேன்."

ஒரு மாசம் ஆயிற்று, கோணல் இல்லாமல் வருவதற்கு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். பாரு.

இப்படிக்கு,
ஈட்டிக்காரம்மா வீட்டுக்காரர்